காசிம் ராவுத்தரின் கல்தொட்டி

போன மாதம் அனீஷ் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர். இனிமேல் கொசுப்புழு கண்ட இடத்தையெல்லாம் மொபைலில் படம் பிடித்து ஏற்ற வேண்டுமாம். படம் ஏறினால்தான் போய்ப் பார்த்ததாகக் கணக்காம். வேலந்தாவளம் பக்கம் சிக்னல் கிடைக்காமல் யார் வீட்டுக் கோழிக்கூண்டு மேலேயோ ஏறி நின்று படம் ஏற்றிய கதையைச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் வேலை பார்த்தீங்க? நம்ம குரூப்ல போடறதுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

நாலு பக்கம் எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நிறுத்தச் சொன்னால்தான் கஷ்டம். அதனால் எல்லாவற்றையும் எழுதாமல், ஒரு மாட்டுத் தொட்டியின் கதையை மட்டும் எழுதுகிறேன். அனீஷ் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறார். அதன் கதையைத் தப்பாகக் கேட்டிருக்கிறார். தப்பாகச் சொன்னது நான்தான், ஆனால் அது தப்பென்று எனக்கே இப்போதுதான் தெரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. மூணாறிலிருந்து மறையூர் போகும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார். சுகாதாரத் துறையில் ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் படிப்பை முடித்து முதலில் போன இடம் மறையூர். கரும்பு காய்ச்சாத நாட்களில் வெல்லக் கொப்பரைகள் வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கும், மழைத்தண்ணீர் நிற்கும். நான் ஒரு கொப்பரையில் கொசுப்புழுவைக் கண்டுபிடித்து, ஆளைக் கூப்பிட்டுக் கவிழ்த்துவிட்டு, பெரிய சாதனை செய்த நடையோடு வந்தேன். அடுத்த மழைக்குப் போனால் அதே கொப்பரையில் அதே புழு. "போன தடவ வந்துட்டுப் போகும்போது நீங்கதான் விட்டுட்டுப் போனீகளோ?" என்று கொப்பரைக்காரர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் முறைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பதில் தெரிந்த ஆள் பாலக்காட்டுக் கிழக்கில் இருந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாற்றலாகி வந்தபோது எனக்கு மேலே இருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் வைத்தியநாதன். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். எல்லோருக்கும் வைத்தி சார். கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் நீளக் கைப்பிடிக் கரண்டி, வெள்ளைப் பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர், டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பி ஃப்ளாஸ்க். எந்த வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டார். ஆசாரம் என்று ஊர் நினைத்தது. "இந்த ஊர்க் காப்பி எனக்குப் பிடிக்கலை, அதாக்கும் விஷயம்" என்று என்னிடம் சொன்னார்.

அவர் தொட்டி பார்க்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் போவார். நிழல் பட்டால் புழுக்கள் அடிக்குப் போய்விடும். குனிந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். மூச்சு விட அவை மேலே வந்தே தீர வேண்டும். வந்ததும் கரண்டியைச் சாய்த்து ஓரமாக ஒரே அள்ளு. தட்டில் ஊற்றி, பிறகு டம்ளருக்கு மாற்றி, பின்னாலிருந்து டார்ச் அடிப்பார். கேரளத்தில் இந்தப் புழுவுக்குக் கூத்தாடி என்று பெயர். வெளிச்சத்தில் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தலைகீழாகத் தொங்கும், நெளியும், குட்டிக்கரணம் போடும்.

இவ்வளவும் ஆன பிறகு வாயைத் திறக்கமாட்டார் என்பதுதான் விசேஷம். நானாக இருந்தால் "பாருங்க, பாருங்க, உங்க தொட்டியில பாருங்க" என்று தெருவைக் கூட்டியிருப்பேன். அவர் டம்ளரை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். "நான் சொல்லி நம்பண்டாம். நீங்களே பாருங்கோ" என்று ஒரு வார்த்தை. பிறகு குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் பார்த்து, புருவத்தைச் சுருக்கி, "இது என்னதுங்க?" என்று தானாகக் கேட்கும்வரை நிற்பார். எனக்குக் கால் வலிக்கும்.

மறையூர்க் கொப்பரையின் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினார். கரித்தூள் ஒட்டியது போலப் புள்ளிகள். "தண்ணியைக் கொட்டிட்டா போறும்னு நெனச்சியோ? முட்டை இங்கன்னா ஒட்டிண்டிருக்கு. மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணி இது மேல ஏறினா முழிச்சுக்கும். கொட்டினா மட்டும் போறாது, தேய்க்கணும்" என்றார். அன்று முதல் என் ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு தேங்காய் நார் இருந்தது.

இப்போது தொட்டிக்கு வருகிறேன்.

வாரம் ஒருமுறை கூடும் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை ஒட்டிக் காசிம் ராவுத்தரின் வீடு. நாலு ஊர் அறிந்த மாட்டு வியாபாரி. சந்தையின் ஓரத்தில், புங்கமரத்து நிழலில், இரண்டு ஆள் படுக்கும் நீளத்தில் ஒரு கல்தொட்டி. ராவுத்தரின் அத்தா, அதாவது அப்பா, போட்டது. எங்கிருந்து நடந்து வந்த மாடும் முதலில் அங்கேதான் வாய் வைக்கும். அந்த வறட்டுப் பூமியில் ஊரே குடத்தோடு அலைந்த கோடையில்கூடத் தொட்டி வற்றியதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. சந்தை கலைந்ததும் மாடுகள் குடித்துக் குறைத்த தொட்டியை ராவுத்தரே நின்று விளிம்புவரை நிரப்புவார். வெறும் தொட்டி முகத்தில் விழித்தால் அடுத்த சந்தை விளங்காது என்று நம்பிக்கை. மற்ற நாட்களில் அங்கே மாடும் வராது, ஆளும் வராது. அடுத்த சந்தைவரை நிறைந்து கிடக்கும்.

எங்கள் ஆட்கள் பலமுறை போய்த் தொட்டியைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "வாயில்லாச் சீவன் குடிக்கற தண்ணியக் கொட்டச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" என்று அவர் கேட்பார். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். நான் ஒருமுறை பேசினேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் மரியாதையாக மோர் மட்டும் கிடைத்தது.

ராவுத்தரின் மகள் ஷமீமாவை அவருடைய தங்கை மகன் அன்வருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அன்வர் நல்லேப்பிள்ளிப் பையன். ஆப்பிரிக்காவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கல்யாணத்துக்காக லீவில் வந்தான். வந்த இடத்தில் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அங்கே போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கு ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்க வேண்டும். இவன் போகும்போதே ஊசி போட்டவன்தான். அட்டையைப் பேன்ட் பையில் வைத்துத் துவைத்துவிட்டான். சாட்சி கூழாகிவிட்டது. சட்டப்படி ஆறு நாள் தனியறை.

அந்த ஆறு நாளில் கொழிஞ்சாம்பாறை முதல் வேலந்தாவளம் வரை செய்தி நன்றாக வளர்ந்திருந்தது. அவன் வெளியே வந்து வீட்டில் சுகமாக இருந்தான். இரண்டு வாரம் ஆகும் சமயத்தில் காய்ச்சல் அடித்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசிம் ராவுத்தர் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "அந்த நாட்டுக் காய்ச்சல் என்ற ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க. கல்யாணம் வேண்டாம்னு தங்கச்சிகிட்டச் சொல்லியாச்சு."

அன்று மாலை ஷமீமா எங்கள் சென்டருக்கு வந்தாள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்ததாகச் சொன்னாள். மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அக்கா, அவருக்கு மஞ்சக் காச்சலுங்களா?"

"இல்லம்மா."

"நீங்க எப்படிங்க பாக்காமயே சொல்றீங்க?"

உட்காரவைத்துச் சொன்னேன். அந்தக் காய்ச்சல் வருவதாக இருந்தால் கொசு கடித்த ஆறு நாளுக்குள் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஆறு நாள். அது தாண்டி நல்லபடியாக வெளியே வந்தவனுக்கு இப்போது வந்தது அது இல்லை. போதாததற்கு ஊசியும் போட்டிருக்கிறான், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். "அது நம்ம நாட்டுலயே கெடையாது. ஆனா அதைப் பரப்புற கொசு நம்மகிட்ட தாராளமா இருக்கு, கால்ல வெள்ளக் கோடு போட்ட கொசு. அதே கொசுதான் டெங்கியும் பரப்புது. இது டெங்கியாத்தான் இருக்கும்னு நெனைக்கேன். நம்ம ஊருல கடிச்ச கொசு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையும் டெங்கி என்றே சொன்னது.

ராவுத்தரிடம் அது எடுபடவில்லை. பேர் எதுவானால் என்ன, அங்கிருந்து கொண்டுவந்ததுதான் என்றார். பையனுக்குக் காய்ச்சல் எங்கே கிடைத்தது என்று காட்டாவிட்டால் அந்தக் கல்யாணம் போயிற்று. எங்களுக்கும் அது வேலைதான். டெங்கி வந்தவர் பகலில் எங்கெங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். அன்வரின் நல்லேப்பிள்ளி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தோம். அவன் அம்மா குடத்தைக்கூடத் துணியால் கட்டி வைத்திருந்தார். ஒரு புழு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பட்டப்பகலில் கொசுவலைக்குள் கிடந்தான். பக்கத்துப் படுக்கைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவனைக் கடித்த கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோகும், அதனால்தான் பகலிலும் வலை என்று நான் சொன்னதும் அவரும் எழுந்து ஒரு வலை கேட்டார்.

"பகல்ல எல்லாம் எங்க இருந்தேள்?" என்றார் வைத்தி சார்.

"ஊட்டுலதானுங்க."

"எங்கீடா ஊட்டுல இருந்தே?" என்று அவன் அம்மா இடையில் புகுந்தார். "டீயக் குடிச்சதும் வண்டிய எடுத்துட்டுப் போனா மத்தியானச் சோத்துக்குத்தான வந்தே!"

"ஃப்ரெண்டு ஊட்டுக்குங்க."

"எந்த ஃப்ரெண்டு? பேர் சொல்லுங்கோ, அங்கயும் பாக்கணும்."

அன்வர் கண்ணை மூடிக்கொண்டான். "தலை வலிக்குதுங்க சார்."

வெளியே வந்ததும் சார் குடையை விரித்தார். "காய்ச்சல்காரன் பொய் சொன்னா இந்தச் சித்தூர் தாலுகாவுல ரெண்டே காரணம்தான், ஸ்டெல்லா. ஒண்ணு கள்ளு. இவன் குடிக்கிறவனாத் தெரியலை." மேலே சொல்லாமல் காப்பியை ஊற்றிக் குடித்தார். நான் அங்கேயே நின்று ஷமீமாவுக்கு போன் போட்டேன்.

அன்வர் பகலில் எங்கே போனான் என்று கேட்டேன். "அத்தாகிட்டச் சொல்லமாட்டீங்களே?" என்றாள். ராவுத்தர் காலையில் மாடு பார்க்கக் கிளம்பிப் போனதும் அன்வர் வருவானாம். வீட்டுக்குள் வரமாட்டான். வெறிச்சென்று கிடக்கும் சந்தையில், புங்கமர நிழலில், கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருப்பானாம். எதிரே மாடி ஜன்னல். அவ்வளவுதானாம், வேறொன்றும் இல்லையாம். தினமும்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாரிடம் சொன்னேன். அவருக்கும் முடியவில்லை. ஆறு நாள் அடைத்து வைத்துக் காப்பாற்றி அனுப்பிய பையனை, மாமனார் தொட்டிக் கொசு ஆற அமரக் கடித்திருக்கிறது.

அடுத்த நாளே சந்தை. மாடுகள் வாய் வைப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். கிளம்பும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பையனுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, பாலக்காட்டுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கியில் பயம் அதிகம், அது எங்கள் இருவருக்கும் தெரியும். சார் போனை வைத்துவிட்டு, "இதை இப்ப யார்கிட்டயும் சொல்லண்டாம்" என்றார். அன்று ஃப்ளாஸ்க்கையும் மறந்துவிட்டார்.

சந்தை கூடிக்கொண்டிருந்தது. காசிம் ராவுத்தர் தோளில் பச்சைத் துண்டோடு தொட்டி அருகில் நின்றார்.

"ஏனுங்க, இன்ஸ்பெக்டரம்மாவும் சாரும் ஒண்ணா வந்திருக்கீங்க. மாடு வாங்கவா?"

"கொஞ்சம் தண்ணி பாத்துட்டுப் போறோம், ராவுத்தரே" என்றார் சார்.

நிழல் விழாத பக்கமாகப் போனார். குனிந்து நின்றார். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு அள்ளு, தட்டு, டம்ளர், டார்ச். டம்ளரை ராவுத்தர் கையில் கொடுத்தார். "நான் சொல்லி நம்பண்டாம்."

ராவுத்தர் பார்த்தார். கூட்டமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "அடேங்கப்பா, என்னமா ஆடுது!" என்று ஒருவர் சொன்னார். சார் பூதக்கண்ணாடியைக் கொடுத்து உள்சுவரில் கரும்புள்ளிகளைக் காட்டினார். சந்தையில் மாடு குடித்துத் தண்ணீர் இறங்கும், சுவரில் கொசு முட்டையிடும், சாயங்காலம் விளிம்புவரை நிரப்பியதும் முட்டை நனைந்து பொரியும், அடுத்த சந்தைக்குள் சிறகு முளைத்துவிடும். இதை அவர் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டே இல்லை, ஒரு பசு கன்று போடுவதைச் சொல்வது போலத்தான் சொன்னார். "உங்க வேலையாள் ஒருத்தர் போன மாசம் காய்ச்சலோட கிடந்தாராமே? அவரைக் கடிச்ச இந்தத் தொட்டிக் கொசுதான் அன்வரையும் கடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ராவுத்தர் நிமிர்ந்தார். "அந்தப் பையன் எதுக்குங்க என்ற தொட்டிகிட்ட வந்தான்?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். சார் புங்கமரத்தைப் பார்த்தார். ராவுத்தர் தொட்டி விளிம்பைப் பார்த்தார், அதில் ஓரிடம் உட்கார்ந்து உட்கார்ந்து தூசி துடைத்த மாதிரி இருந்தது. அங்கிருந்து நேராகத் தன் வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவர் முகம் சிவந்துவிட்டது. இனிக் கத்தப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். அவர் தோளிலிருந்து துண்டை உருவினார். "வாங்க சார். துண்டுக்குள்ள பேசிக்கலாம்" என்றார்.

மாட்டுச் சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இருவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, விரலைத் தொட்டுத் தொட்டுப் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன நடந்தது என்று இருவரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். வைத்தி சார் வாழ்நாளில் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்காதவர். ஆனாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. நல்ல கறவை மாட்டுக்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது. கூட்டம் ஊகிக்க ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை கழுவுவதாக ராவுத்தர் சொல்லியிருப்பார் என்றார் ஒருவர். சார் மூன்று நாளில் நிற்பார் என்றார் இன்னொருவர். இரண்டு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ராவுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், சார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டு விலகியது. ராவுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்: "தொட்டிய வாரம் ஒருக்கா எறைச்சு, நாருப் போட்டுத் தேச்சுக் கழுவறமுங்க. கழுவின கையோட ரொப்பிருவோம், ஒரு நாளும் வெறுசாக் கெடக்காது. கல்யாணம் பேசின தேதியில நடக்குமுங்க." பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கறானுங்க?" என்று கேட்டார். சொன்னதும் வண்டி எடுத்துக்கொண்டு சந்தையை விட்டுப் போய்விட்டார். சந்தை நாளில் அவர் அப்படிப் போனதை யாரும் பார்த்ததில்லை.

அன்வர் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை, பிறகு பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. கல்யாணத்தில் மாப்பிள்ளை கொஞ்சம் மெலிந்திருந்தான், அவ்வளவுதான். பிரியாணிப் பந்தியில் வைத்தி சாருக்குத் தனியாக இலை போட்டு, ராவுத்தர் தன் கையால் பழமும் பாலும் வைத்தார். மணமகள் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். கல்யாணப் பெண் செய்கிற காரியமா அது!

துண்டுக்குள் என்ன பேசினீர்கள் என்று சாரை எத்தனையோ முறை கேட்டேன். "பேரத்தை வெளில சொல்லப்டாது, ஸ்டெல்லா" என்பார். அதனால் நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். சார் வேண்டுமென்றே மூன்று நாளில் ஆரம்பித்தார், ராவுத்தர் முப்பதில் ஆரம்பித்தார், இழுத்து இழுத்து ஏழில் படிந்தது, தனக்குத்தான் ஜெயம் என்று ராவுத்தர் நினைத்தார், ஏழுதான் சாருக்கும் தேவைப்பட்டது. பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். மக்களிடம் பேசுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அனீஷும் இதைத்தான் கேட்டிருக்கிறார்.

சார் ஓய்வு பெற்றுக் கல்பாத்திக்குப் போனார். அதற்குப் பிறகு தொட்டி கழுவும் நாளில் நான் போய் நின்றேன். என் பணிக்காலம் முடியும்வரை ஒரு வாரமும் அந்தத் தொட்டியில் கூத்தாடி பார்க்கவில்லை. கழுவி முடிந்ததும் மோர் வரும். அது மரியாதை மோர் இல்லை, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட சொந்தக்கார மோர்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் கழுவும் நாள், வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ராவுத்தர் போன் செய்தார். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது, வியாபாரம் அன்வர் கையில். ஆப்பிரிக்காவுக்கு அவன் திரும்பிப் போகவே இல்லை.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரம்மா, தொட்டி எறைச்சுட்டாங்க, உங்களக் காணோம்?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேங்க."

"அது சர்க்காருக்குங்க. எங்களுக்கு என்ன வந்துச்சு? மோரு தீர்றதுக்குள்ள வாங்க."

போனேன். அன்வர் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஷமீமா குழாயைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் இன்னும் தேய், இன்னும் தேய் என்று விரட்டிக்கொண்டிருந்தாள். நான் ராவுத்தரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி நான் சர்க்கார் ஆள் இல்லை, இனிமேலாவது சொல்லுங்கள், சார் எத்தனையில் ஆரம்பித்தார் என்று கேட்டேன்.

"எத்தனையிலயுங்க?"

"துண்டுக்குள்ள. மூணுலயா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "துண்டுக்குள்ள பேரமே நடக்கலீங்கம்மா" என்றார். "அந்த டம்ளரப் பாத்ததுல இருந்து என்ற கையி வெடவெடன்னு ஆடிட்டுக் கெடந்துச்சுங்க. அத்தா வெச்ச தொட்டி. நாந்தான் ரொப்பறது. தங்கச்சி மகனச் சாவக் குடுத்திருப்பனேன்னு. சந்தை நடுவுல அத்தனை பேரு நிக்கறாங்க, கை ஆடறதப் பாத்துருவாங்கன்னுதான் துண்டப் போட்டனுங்க. சாரு உள்ள கைய விட்டாரு, கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதானுங்க. ஆட்டம் நிக்கற வரைக்கும் விடல."

"அப்ப வாரம் ஒருக்கான்னு சொன்னது?"

"அது நானாச் சொன்னதுங்க."

அத்தனை வருடம் எல்லோருக்கும் நான் சொன்ன மூன்றும் முப்பதும் ஏழும்! கண் கலங்கியதை மறைக்க மோரைக் குடித்தேன். தொட்டி விளிம்புவரை நிறையும்வரை அங்கேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கல்பாத்திக்கு போன் செய்தேன். சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ராவுத்தர் சொன்னதை உரக்கச் சொன்னேன்.

"சொல்லிட்டானா!" என்றார். பிறகு, "அவன் கை மட்டுமா நடுங்கித்து? கார்த்தால வந்த போனுக்கப்புறம் எனக்கு மட்டும் நிதானம் இருந்ததா என்ன? அந்தப் பையன் பிழைப்பான்னு எனக்குத் தெரியாதே, ஸ்டெல்லா. அவன் என்னைப் பிடிச்சுண்டானா, நான் அவனைப் பிடிச்சுண்டேனான்னு எனக்கே தெரியலை" என்றார்.

அவரே பேச்சை மாற்றி, விளிம்புக்குக் கீழே நன்றாகத் தேய்க்கிறார்களா என்று கேட்டார். தேய்க்கிறார்கள் சார், ஷமீமா நின்று பார்க்கிறாள் என்றேன்.